ஓடம் போயிருச்சு, வேலை என்னாச்சு?

அறிவியல் பகுதி
எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



விண்வெளியைப் பற்றி நம்ம சுவர் இதழில் ஏற்கெனவே நிறைய வந்திருக்கு. முதலில் போனவர் யார், நிலவில் கால் வைத்தவர் யார், எத்தனை நாள் இருந்தார் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அதெல்லாம் நடந்த பயணங்கள். நான் எழுதப் போவது நடக்காமல் போன பயணங்களைப் பற்றி. ஒரு விண்கலம் திடீரென்று அழிந்துபோனால், அது அடுத்த மாதமும் அடுத்த வருஷமும் செய்ய வேண்டிய வேலைகள் என்ன ஆகும்? அதில் போவதற்குப் பேர் எழுதி வைத்திருந்தவர்கள் என்ன ஆவார்கள்? அப்படி நின்றுபோன பட்டியலில் நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றும், ஒரு இந்தியர் உட்கார வேண்டிய இடமும் இருந்தது. இது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது.

விண்வெளி ஓடம் என்றால் என்ன?

அந்தக் காலத்துச் சாதாரண ராக்கெட் நம்ம தீபாவளி ராக்கெட் மாதிரிதான். ஒரு தடவை போனால் போனதுதான், திரும்ப எடுத்து விட முடியாது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் செய்த விண்வெளி ஓடம் அப்படி இல்லை. ராக்கெட் போல நேராக மேலே கிளம்பும், வேலை முடிந்ததும் விமானம் போல ஓடுபாதையில் வந்து இறங்கும். பழுது பார்த்து மறுபடியும் அனுப்புவார்கள்.

விடிகாலையில் நம்ம ஊரிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜீப் பல டிரிப் அடிக்கும். நாளைக்கு யார் யார் வர்றாங்க, என்ன சாமான் ஏத்தணும் என்று முதல் நாளே பேசி வைத்திருப்பார்கள். ஓடத்துக்கும் அதே போலத்தான். ஆனால் ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுவார்கள்.

விண்வெளிக்குப் போன ஓடங்கள் மொத்தம் 5. கொலம்பியா, சேலஞ்சர், டிஸ்கவரி, அட்லாண்டிஸ், எண்டெவர். இவை 1981 முதல் 2011 வரை 135 தடவை கிளம்பின. சுமை ஏற்றும் அறை மட்டும் 60 அடி நீளம், 15 அடி அகலம். நம்ம தேனி பஸ்ஸை உள்ளே நிறுத்தினாலும் மிச்ச இடம் இருக்கும்! இப்போது எல்லா ஓடங்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

சேலஞ்சரும் நம்ம மேகப் படமும்

டிவி செய்தியின் கடைசியில் இந்தியா படத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக மேகம் காட்டுவார்கள் இல்லையா? "தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்கியது" என்று சொன்னால் நம்ம வீடுகளில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மேலே மலையில் மழை சரியாகப் பெய்தால்தான் ஏலச்செடி நன்றாக இருக்கும், காய் எடுக்கிற வேலையும் கிடைக்கும். அதனால் அந்தப் படம் நமக்கு வேடிக்கை இல்லை, சோறு.

அந்த மாதிரிப் படம் எடுக்கத்தான் இந்தியா இன்சாட் என்ற செயற்கைக்கோள் வரிசையைத் தொடங்கியது. டிவி, ரேடியோ, டெலிபோன், வானிலை நாலுக்கும் ஒரே செயற்கைக்கோள். முதலாவது இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் போனது. ஆனால் அந்த வருஷம் செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து செயல் இழந்துவிட்டது.

இரண்டாவது இன்சாட்-1பி. அதை 1983 ஆகஸ்ட் 30 அன்று ஏற்றிப் போனது சேலஞ்சர் ஓடம்தான். இரவு நேரத்தில் கிளம்பிய முதல் ஓடப் பயணம் அது. ஓடம் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரைதான் போகும். இன்சாட் இருக்க வேண்டிய இடமோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம். அதனால் ஓடம் அதை வெளியே இறக்கிவிடும். பிறகு அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் மோட்டார் அதை மேலே தள்ளிக்கொண்டு போகும். ஜீப் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி மிச்சத்தை நடந்து போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இன்சாட்-1பி நன்றாக வேலை செய்தது. அப்போதுதான் நாடு முழுவதும் டிவி பரவியது.

இந்தியருக்கு ஒரு இடம்

இன்சாட்-1பி வெற்றி ஆனதும் அடுத்த இன்சாட்-1சி-யையும் 1986இல் விண்வெளி ஓடத்திலேயே அனுப்புவதாகத் திட்டம் போட்டார்கள். இந்தத் தடவை இன்னொரு விஷயமும் சேர்ந்தது. செயற்கைக்கோளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு இந்தியரும் அதே ஓடத்தில் கூடப் போகலாம் என்று முடிவானது. இஸ்ரோ இரண்டு பொறியாளர்களைத் தேர்வு செய்தது. ஒருவர் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த பி. ராதாகிருஷ்ணன். இன்னொருவர் பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தைச் சேர்ந்த என்.சி. பட். இருவரில் ஒருவர் போவார், மற்றவர் தயாராக இருப்பார்.

அதற்கு முன் விண்வெளிக்குப் போன இந்தியர் ராகேஷ் சர்மா மட்டும்தான். 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தில் போனார். இரண்டே வருஷத்தில் இரண்டாவது இந்தியரும் போகப் போகிறார் என்ற நிலைமை அப்போது இருந்தது.

73 விநாடி

1986 ஜனவரி 28. சேலஞ்சர் பத்தாவது தடவையாகக் கிளம்பியது. உள்ளே 7 பேர். அதில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், பெயர் கிறிஸ்டா மெக்காலிஃப். விண்வெளியிலிருந்து பாடம் நடத்துவதற்காக 11,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கிளம்பிய 73 விநாடியில் ஓடம் வானத்திலேயே உடைந்து சிதறியது. 7 பேரும் இறந்துவிட்டார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு ரப்பர் வளையம். குக்கர் மூடியில் கேஸ்கட் போடுகிறோம் இல்லையா? கேஸ்கட் விறைத்துப் போனால் பக்கத்தில் ஆவி கசியும், விசில் வராது. ஓடத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய ராக்கெட்டுகள் துண்டு துண்டாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்பில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். முந்தின இரவு உறைநிலைக்கும் கீழே குளிர். ரப்பர் விறைத்துவிட்டது. வலது பக்க ராக்கெட்டில் தீ கசிந்து வெளியே வந்து பெரிய எரிபொருள் தொட்டியைத் தாக்கியது.

இவ்வளவு குளிரில் அனுப்ப வேண்டாம் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் முதல் நாள் ராத்திரியே சொன்னார்கள். மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை. பிறகு நடந்த விசாரணையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற விஞ்ஞானி ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் அந்த ரப்பரைப் போட்டு எடுத்து, அது விறைத்துப் போவதை எல்லோர் முன்னாலும் காட்டினார். நம்ம லேபில்கூடச் செய்யக்கூடிய சோதனை அது!

வேலைகள் எங்கே போயின?

சேலஞ்சர் ஒன்றுதான் அழிந்தது. ஆனால் தவறு என்னவென்று சரிசெய்யும் வரை எல்லா ஓடங்களும் நின்றன. 2 வருஷம் 8 மாதம் ஒரு ஓடமும் கிளம்பவில்லை. 1988 செப்டம்பர் 29 அன்றுதான் டிஸ்கவரி மறுபடியும் போனது. பட்டியலில் இருந்த வேலைகளில் சில என்ன ஆயின என்று கீழே வரிசையாக எழுதுகிறேன்.

1. கோழி முட்டை: அமெரிக்காவில் ஜான் வெலிங்கர் என்ற மாணவர் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். விண்வெளியில் முட்டைக்குள் கரு வளருமா? அந்தச் சோதனை சேலஞ்சரில் போய் அழிந்துபோனது. அவர் விடவில்லை. மறுபடியும் செய்து 1989 மார்ச்சில் டிஸ்கவரியில் 32 முட்டைகள் போயின. ஏற்கெனவே ஓரளவு வளர்ந்திருந்த கருக்கள் பிழைத்துத் தரைக்கு வந்து குஞ்சு பொரித்தன. இளம் கரு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்தது.

2. தொடர்புச் செயற்கைக்கோள்: விண்கலங்களும் பூமியும் பேசிக்கொள்ள உதவும் ஒன்று சேலஞ்சரோடு அழிந்தது. 1988இல் போன டிஸ்கவரி அதே வகையில் இன்னொன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

3. யுலிசஸ்: சூரியனின் துருவங்களை ஆராயும் விண்கலம். 1986 மே மாதம் சேலஞ்சரில் போக வேண்டியது. 1990 அக்டோபரில் டிஸ்கவரியில் போனது. 2009 வரை வேலை செய்தது.

4. சேலஞ்சரின் இடம்: அதற்குப் பதிலாக எண்டெவர் என்ற புது ஓடம் கட்டினார்கள். உதிரியாகச் செய்து வைத்திருந்த பாகங்களை வைத்தே கட்டினார்கள். பெயர் வைத்தது யார் தெரியுமா? பள்ளி மாணவர்கள்! நாடு முழுக்கப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1992 மே மாதம் முதல் பயணம்.

5. நம்ம இன்சாட்-1சி: 1986 ஆகஸ்டில் அமெரிக்க அரசு, இனிமேல் வாடகைக்குச் செயற்கைக்கோள் ஏற்றுவது ஓடத்தின் வேலை இல்லை என்று அறிவித்தது. அதனால் இன்சாட்-1சி ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் 1988 ஜூலையில் போனது. அங்கேயும் மின்சார அமைப்பில் கோளாறு. பாதி வேலைதான் செய்தது, 1989 நவம்பரில் அதுவும் நின்றது. மறுபடியும் இன்சாட்-1டி. 1990 ஜூன் 12 அன்று டெல்டா ராக்கெட்டில் போனது. அது பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. 1992இல் போன இன்சாட்-2ஏ இந்தியாவிலேயே செய்தது. 2024 பிப்ரவரியில் போன இன்சாட்-3டிஎஸ் வரை அந்த வரிசை வந்திருக்கிறது.

இதைப் படித்தால் ஒன்று புரியும். சேலஞ்சர் போனாலும் வேலை போகவில்லை. வேறு வண்டி பிடித்து, லேட்டாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் முடிந்தது என்றால் அந்த வேலை என்ன, எப்படிச் செய்யணும் என்று தாளில் எழுதியிருந்தது. அதைத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

ஆட்கள் என்ன ஆனார்கள்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இன்சாட்-1சி ஏரியன் ராக்கெட்டுக்கு மாறியது என்று மேலே எழுதினேன். ஆனால் ஏரியன் ராக்கெட்டில் ஆள் உட்கார இடமே கிடையாது. செயற்கைக்கோள் மாறிப் போய்விட்டது, கூடப் போக வேண்டியவர் தரையிலேயே நின்றுவிட்டார். ராதாகிருஷ்ணனும் பட்டும் கடைசி வரை விண்வெளிக்குப் போகவில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தேர்வில் ஜெயித்தவர்கள்தான். வேறு ஒரு நாட்டில், வேறு ஒரு ராக்கெட்டில், ஒரு ரப்பர் விறைத்ததால் அவர்கள் பயணம் நின்றது.

இரண்டாவது இந்தியக் குடிமகன் விண்வெளிக்குப் போனது எப்போது? 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா போனார். ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 வருஷம் ஆகிவிட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்க வைத்துப் பார்த்துவிட்டு ஜூலை 15 அன்று பத்திரமாகத் திரும்பினார்.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர் கதை இருக்கிறது. கிறிஸ்டா டீச்சருக்கு மாற்றாக 1985இல் தேர்வானவர் பார்பரா மார்கன். அவரும் டீச்சர்தான். விபத்துக்குப் பிறகு தன் பள்ளிக்கே திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். நாசா அவரை மறக்கவில்லை. 1998இல் கூப்பிட்டு முழு விண்வெளி வீராங்கனை ஆக்கியது. 2003 நவம்பரில் கொலம்பியா ஓடத்தில் போகலாம் என்று பயணமும் ஒதுக்கினார்கள். ஆனால் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியாவும் திரும்பி வரும்போது சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் அதில் இறந்தார்கள். (நம் வானிலைச் செயற்கைக்கோள் மெட்சாட்டுக்கு கல்பனா-1 என்று பெயர் மாற்றியது அந்த வாரம்தான்.)

இரண்டாவது தடவையும் வண்டி போய்விட்டது. ஆனாலும் அந்தப் பயணத்தையும் மார்கன் டீச்சர் பெயரையும் அடிக்கவில்லை. அதே பயணம் எண்டெவருக்கு மாறி, 2007 ஆகஸ்ட் 8 அன்று அவர் போனார். தேர்வாகி 22 வருஷம் கழித்து! பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகத் துளசி இனத்து விதைகள் ஒரு கோடி கூடவே போயின. கிறிஸ்டா டீச்சர் நடத்த எழுதி வைத்திருந்த பாடங்களில் சிலவற்றை 2018இல் ஜோ அகாபா, ரிக்கி அர்னால்ட் என்ற இரண்டு பேர் விண்வெளி நிலையத்தில் செய்து காட்டினார்கள். மையின் நிறங்களைத் தாளில் பிரிப்பது, நியூட்டன் விதி எல்லாம் அதில் உண்டு. அந்த இருவரும் முன்னாள் ஆசிரியர்கள்.

ஆக, வேலைக்கு வேறு வண்டி கிடைத்துவிடும். ஆளுக்கு அப்படித் தானாகக் கிடைக்காது. இந்த ஆள் இன்னும் பட்டியலில் இருக்கார் என்று யாராவது ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கணும்.

நமக்கும் இதுக்கும் என்ன?

எங்கள் வகுப்பில் ஒரு பொண்ணு காய் எடுக்கிற சீசன் ஆரம்பித்ததும் அவங்க அம்மாவோடு மேலே தோட்டத்துக்குப் போய்விட்டாள். பேர் எழுதவில்லை. வீட்டில் கடன். அம்மாவுக்குத் தனியாக முடியவில்லை. போகும்போது அறிவியல் கண்காட்சிக்கு அவள் எழுதி வைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

அவள் திட்டம் இதுதான். வாய் அகலமான பாட்டிலில் புனல் வைத்து மூன்று மழைமானி செய்யணும். ஒன்று இங்கே பள்ளியில், ஒன்று மலை அடிவாரத்தில் முந்தலில், ஒன்று மேலே போடிமெட்டுப் பக்கம். ஒரே நாளில் மூன்று இடத்திலும் எவ்வளவு மழை என்று அளந்து எழுதணும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். தென்மேற்கு மழைக்காற்று கேரளா பக்கம் மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று காய்ந்துவிடுகிறது. அதனால்தான் மேலே குடை பிடிக்கும்போது கீழே நம்ம ஊரில் வெயில் அடிக்கிறது. கண்ணால் பார்ப்பதை எண்ணால் காட்டணும் என்பது அவள் ஆசை.

கீழே இரண்டு மழைமானியை நாங்கள் நாலு பேர் வைத்துவிட்டோம். மூன்றாவதுக்கு மேலே ஆள் வேணும். மேலே இருப்பது அவள்தான்! லயத்து வாசலில் வைத்து அளந்து, தாளில் எழுதி, சனிக்கிழமை இறங்கி வருகிற சித்தியிடம் கொடுத்து அனுப்புகிறாள். கண்காட்சி அட்டையில் முதல் பேர் அவளுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் இதோடு போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மழைக் கணக்கை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவளுடைய ஒன்பதாம் வகுப்பை நாங்கள் எழுத முடியாது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அவளுக்கு வேண்டியது இன்னொரு வண்டி.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

தோழிகளே, தோழர்களே: வீட்டுச் சூழ்நிலையால் யாராவது நிற்க வேண்டி வந்தால், பாடத்தை, செய்ய நினைத்ததை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இருப்பவர்கள் வாராவாரம் நடந்த பாடத்தைக் காப்பி எடுத்து மேலே அனுப்புங்கள். ஜீப் தினமும் போகுது, ஒரு நோட்டுக்கு டிக்கெட் கேட்க மாட்டாங்க.

ஆசிரியர்களே: வருகைப் பதிவேட்டில் அந்தப் பேரைத் தயவுசெய்து அடித்துவிடாதீர்கள். சீசன் முடிந்து இறங்கி வரும்போது "உன் இடம் இருக்கு, வந்து உட்காரு" என்று சொல்லுங்கள். அவங்க அம்மாவிடம் நாங்கள் சொன்னால் கேட்க மாட்டாங்க. நீங்கள் சொன்னால் கேட்பாங்க.

யோசித்துப் பதில் எழுதுங்கள்

1. இன்சாட்-1பி-யை ஏற்றிச் சென்ற ஓடம் எது?
2. சேலஞ்சரில் விறைத்துப் போன பொருள் எது? அது நம் வீட்டில் எதில் இருக்கிறது?
3. ராகேஷ் சர்மாவுக்கும் சுபான்ஷு சுக்லாவுக்கும் இடையில் எத்தனை வருஷம்?

விடை எல்லாம் மேலேயே இருக்கு. சரியாக எழுதுகிறவர்கள் வெள்ளிக்கிழமை இடைவேளையில் மழைமானியை அளக்க வரலாம்.